காற்றைக் கேட்டுவிட்டு வாருங்கள்

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும் வெளியூர் அன்பர்களுக்கு,

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுவதற்கு உங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும் அரசுப் பேருந்து ஓட்டுநர் இருக்கிறார். அந்த வேலையை அவர் குறையில்லாமல் செய்கிறார்.

நான் மண்டபத்துக்காரன். நீங்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளைப் பல காலமாகக் கேட்டுவருகிறேன். ரயில் ஏன் மண்டபத்திலேயே நிற்கிறது? கடலோரம் வந்தும் ஏன் மீன் இல்லை? கடல் உள்வாங்கிவிட்டதாக டிவியில் சொன்னார்களே, சுனாமி வருமா? படகுச் சவாரி உண்டென்று போட்டிருந்ததே, ஏன் விடவில்லை? இத்தனைக்கும் உள்ளூர்க்காரர் ஒரே பதில்தான் சொல்கிறார்: "காத்துண்ணே." உங்கள் முகம் சுருங்குகிறது. தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அவர் தட்டிக்கழிக்கவில்லை. முழுப் பதிலையும் சொல்லிவிட்டதாகவே அவருக்கு நினைப்பு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம் என்றுதான் இந்த மடல்.

ராமேஸ்வரத்தைப் பார்த்தபடி பாலத்தில் நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம் பாக் நீரிணை, வலக்கைப் பக்கம் மன்னார் வளைகுடா. எங்களுக்கு வடகடல், தென்கடல். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கிறீர்கள், ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். ஆனியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி பிறந்ததும் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வாடை வரும். இப்போது வடகடலுக்கு ஆட்டம், தென்கடலுக்கு ஓய்வு. தனுஷ்கோடியில் ஆட்டோக்காரர்கள் "இது ஆண் கடல், அது பெண் கடல்" என்று உங்களுக்குக் காட்டுவார்கள். தெற்கே சீறுவது ஆணாம், வடக்கே அடங்கிக் கிடப்பது பெண்ணாம். இந்தப் பெயரை வைத்தவர் ஆடி மாதத்தில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனவராகத்தான் இருக்க வேண்டும். கார்த்திகையில் வந்திருந்தால் மாற்றி வைத்திருப்பார்.

கடற்கரைக்காரர்களின் பிழைப்பு இந்தத் திருப்பத்தை ஒட்டியே நடக்கிறது. காற்று மாறும்போது நாட்டுப்படகுக்காரர்கள் பலர் தங்கள் வத்தைகளையும் வள்ளங்களையும் ஒரு கடலிலிருந்து அடுத்த கடலுக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். நீங்கள் மேலே நின்று படமெடுக்கிற பாம்பன் கால்வாய்தான் அதற்கு வழி. தெற்கே தூங்கப் போன படகு ஒரு வாரம் கழித்து வடக்கே நிற்பதைப் பார்த்தால் திகைக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் கோபப்படுவது அங்கேதான்.

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சிமடத்துப் பக்கம் ஒரு சின்ன மெஸ். காரில் வந்து இறங்கிய குடும்பம் உட்கார்ந்ததும் வஞ்சிரம் வறுவல் கேட்டது. கடைக்கார அக்கா, "காத்தும்மா. மூணு நாளா தென்பக்கம் யாரும் எறங்கலை. காரல் கொழம்பு இருக்கு, சாப்பிடுறீகளா?" என்றார். அந்த அம்மா, "காரலா? அது சின்ன மீனாச்சே, முள்ளா இருக்குமே" என்றார். "முள்ளுதான். ஆனா இன்னைக்குக் காலைல வடகடல்ல பட்டது" என்றார் அக்கா. அந்தக் குடும்பம் எழுந்து போய் அடுத்த கடையில் வஞ்சிரமே சாப்பிட்டது. அது எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ, எந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததோ, அந்தக் கடைக்காரருக்குத்தான் வெளிச்சம்.

நான் காரல் சாப்பிட்டேன். உள்ளங்கை நீளம்கூட இருக்காது, வெள்ளித் தகடு மாதிரி மினுங்கும் தட்டை மீன். பாக் நீரிணையின் ஆழமில்லாத சேற்றுத் தரையில் கூட்டம் கூட்டமாக மேயும். சென்னைப் பக்கம் காரப்பொடி என்பார்கள். தலையை விரலால் பிடித்துக்கொண்டு உதட்டால் இழுத்தால் சதை மட்டும் வாயோடு வந்துவிடும், முள் கையில் நிற்கும். பழகாதவர்களுக்கு முதல் இரண்டு மீன் வரை சிரமம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று வீட்டுப் பெரியவர்கள் இதைத்தான் சாறு வைத்துக் கொடுப்பார்கள். அக்கா வைத்திருந்த குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. நிறம் மட்டும் அடர் சிவப்பு, ஆனால் காரம் மண்டையில் ஏறவில்லை. அது முண்டு மிளகாய். உருண்டையாகக் கொழுக்கட்டைபோல இருக்கும் ராமநாதபுரத்து மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கமெல்லாம் மானாவாரியாக விளைகிறது. மானாவாரி என்றால் வாடைக்காற்று கொண்டுவரும் மழையை நம்பி விதைப்பது. கச்சான் காற்று எங்களுக்கு மழை தராது. வருகிற வழியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு, எங்கள் பக்கம் புழுதியை மட்டும் கொண்டுவருகிறது. வாடையோ வங்கக்கடல் முழுக்கத் தாண்டி வருவதால் ஈரத்தைச் சுமந்து வரும். கண்மாய் நிரம்புவதும் மிளகாய் சிவப்பதும் அதனால்தான். ஆக அந்தத் தட்டில் மீனுக்கு ஒரு காற்று, மிளகாய்க்கு இன்னொரு காற்று.

வஞ்சிரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மீனைக் கேட்கிறவர்கள் கடலோரம் வரை ஏன் பெட்ரோல் செலவழித்து வருகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை. கடையில் உட்கார்ந்ததும் "இன்னைக்கு எந்தக் கடல்?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பிறகு உள்ளே போய் எடுத்துவரும் மீன் வேறாக இருக்கும். ஓரா, நகரை, விளைமீன், கணவாய், நீலக்கால் நண்டு என்று அன்றைக்கு எது கரையேறியதோ அது.

இனி ரயில். நீங்கள் பார்க்க வந்ததே அதைத்தானே.

பழைய பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. கடலுக்குள் இரண்டு கிலோமீட்டர் தூரம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கைகளாகத் தூக்கிக்கொள்ளும் பகுதி. கிணற்றடியில் துலா இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் சூட்சுமம் உடனே விளங்கும். மறுபக்கம் கனத்த எடையைக் கட்டிவிட்டதால், அத்தனை டன் இரும்பையும் தொழிலாளர்கள் சிலர் கையால் சுற்றியே தூக்கிவிட்டார்கள். இப்போதுள்ள புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல், ராமநவமியன்று திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமும் 660 டன் எடையும் கொண்ட நடுப்பகுதி மடங்காமல் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. இங்கும் எதிர் எடை உண்டு. கையால் சுற்றுவதற்குப் பதில் மோட்டார்.

இந்த விவரமெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும். நான் சொல்ல வந்தது பழைய பாலத்தில் இருந்த காற்றுமானியைப் பற்றி. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். வண்டி ஏறாது. எவ்வளவு பெரிய அதிகாரி வண்டியில் இருந்தாலும், எந்த விசேஷ நாளாக இருந்தாலும், காற்று சம்மதித்தால்தான் பயணம். புதிய பாலத்தில் வேகம் கூடியிருக்கிறது. பழைய பாலத்தில் ஊர்ந்ததுபோல இனி ஊர வேண்டியதில்லை. ஆனாலும் காற்று மிஞ்சினால் வண்டி நிற்கத்தான் செய்யும். மண்டபம் நிலையத்தில் நின்றபடி நீங்கள் ரயில்வேயைச் சபிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1964 ஞாபகம் வரும். டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயிலை ஊருக்குப் பக்கத்திலேயே புயல் அலை அடித்துக்கொண்டு போனது. ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடியும் போயிற்று. அதற்குமுன் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் அங்கேதான் நிற்கும். இறங்கிய பயணிகள் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்கள். சேதமான பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் சரிசெய்தார். பின்னாளில் கொங்கண் ரயில்பாதையும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர் அவரே. தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் மட்டும் திரும்ப வரவில்லை. எனவே வண்டி அரை மணி நேரம் நின்றால் ஒரு டீ குடியுங்கள்.

செய்திக்கு வருவோம். எங்கள் ஊர்ச் செய்தி வெளியூருக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வகையில். ஒன்று, மீனவர்கள் கைது. அதற்குத் தனி மடல் வேண்டும், இங்கே தொட்டுவிட்டுப் போனால் நியாயமில்லை. இன்னொன்று, "பாம்பன் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்." இதைக் கேட்டதும் உங்கள் உறவினர்கள் போன் செய்து உடனே கிளம்பி வரச் சொல்கிறார்கள். நீங்களும் அறையைக் காலி செய்துவிடுகிறீர்கள்.

கூண்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்துகொண்டால் தூக்கம் கெடாது. 1-ம் எண்ணும் 2-ம் எண்ணும் எங்கோ தொலைவில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது, அல்லது புயல் உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்பவை. 3-ம் 4-ம் எண் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும் என்பதற்கு. 5, 6, 7 என்றால் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையேறும் என்பதில்தான் 5-க்கும் 6-க்கும் வித்தியாசம். 7 என்றால் துறைமுகத்தை ஒட்டியே கடக்கும். 8, 9, 10-ம் இதே வரிசைதான், ஆனால் தீவிரப் புயலுக்கு. 11-ம் எண்ணுக்கு, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பட்டியலில் மிகவும் பயமுறுத்துவது எனக்கு அதுதான். காற்று எவ்வளவு என்று அது சொல்வதில்லை, சொல்ல ஆளில்லை என்று மட்டும் சொல்கிறது. பகலில் கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள். இரவில் அதே சங்கதியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் சொல்லும். போனில் வானிலை பார்க்கிற காலத்தில் இந்தக் கூண்டு எதற்கு என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. நடுக்கடலில் போன் பேட்டரி தீர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி எழாது.

கூண்டோடு சேர்ந்து இன்னொரு வரியும் வரும்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். இந்த வரி வந்த நாளில் மீன்வளத்துறை விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுக்காது. டோக்கன் இல்லையென்றால் படகு போகாது, ஐஸ் கட்டிக்கு வேலையில்லை, ஏலக்கூடம் காலி, மெஸ்ஸில் வஞ்சிரம் இல்லை. உங்கள் மத்தியான இலைக்கும் சென்னை வானிலை மையத்துக்கும் இவ்வளவுதான் தூரம். பாம்பனில் "கடல் ஓசை" என்று ஒரு சமூக வானொலி இருக்கிறது. 2016-ல் மீனவர்களுக்காகவே தொடங்கியது, 90.4 அலைவரிசை. மண்டபம் தாண்டியதும் திருப்பிப் பாருங்கள். பாட்டுக்கு நடுவில் அலையும் காற்றும் எப்படி என்று சொல்வார்கள்.

"கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி" என்ற செய்தியும் வருடத்தில் சில தடவை வந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தச் சொல்லுக்கு யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வடகடலின் தரை மட்டமானது, ஆழம் குறைவு. பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். காற்று கரையிலிருந்து நீரைத் தள்ளி, அது அமாவாசை அல்லது பௌர்ணமி வற்றத்தோடு சேர்ந்துகொண்டால், நீர்மட்டம் ஓரிரு அடி இறங்கினாலும் நூறு இருநூறு மீட்டருக்குத் தரை தெரிந்துவிடும். படகுகள் சேற்றில் சாய்ந்து நிற்கும், கிழவிகள் சங்கு பொறுக்கக் கிளம்புவார்கள். காற்று திரும்பியதும் தண்ணீரும் திரும்பும். சுனாமி அப்படியல்ல. சில நிமிடங்களில் கடல் மளமளவென்று விலகும். அப்படிக் கண்டால் படம் எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். மற்றபடி, பக்கத்தில் நிற்கிற பாம்பன்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தால் நீங்களும் நிதானமாக இருக்கலாம்.

காற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பர் 20-ல் புயல் எதுவும் இல்லாமலே ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. மேகவெடிப்பு என்று பத்திரிகைகள் எழுதின. சில மணி நேரத்தில் தெருவெல்லாம் கடலாயிற்று. அன்றைக்குக் காற்றைக் கேட்டுவிட்டு வந்தவரும் நனைந்தார், கேட்காமல் வந்தவரும் நனைந்தார்.

அப்துல் கலாம் நினைவிடத்துக்குப் போவீர்கள். பேய்க்கரும்பில் 2017-ல் திறந்தது. ராக்கெட் மாதிரிகளோடு படம் எடுத்துக்கொள்வீர்கள், நல்லது. அவர் சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போரின் காரணமாக ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். செய்தித்தாள் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்தே எறிவார்கள். அவற்றைப் பிடித்துக்கொடுப்பதுதான் அவர் கூலி வாங்கிய முதல் வேலை என்று எழுதியிருக்கிறார். பறவை எப்படிப் பறக்கிறது என்ற பாடத்தை அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வகுப்பறையோடு விடாமல், பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டியதும் தெரிந்த சங்கதிதான். அந்தப் பாடம் இன்றும் இலவசமாக நடக்கிறது. மணலில் உட்கார்ந்திருக்கும் கடற்காக்கைக் கூட்டத்தைப் பாருங்கள். நூறு பறவையும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அந்தத் திசையிலிருந்துதான் காற்று வருகிறது. எதிர்க்காற்றில் இறக்கையை விரித்தால் குறைந்த முயற்சியில் மேலே எழும்பலாம், இறகும் கலையாது. விமானமும் இதே காரணத்துக்காகத்தான் காற்றுக்கு எதிராக ஓடி மேலேறுகிறது. தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் நாள் முழுக்க நிற்கிற உங்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தீர்கள் என்று தெரியாது. அங்கே நிற்கும்போது உங்கள் கவனமெல்லாம் "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று போனில் வரும் குறுஞ்செய்தியில் இருக்கிறது.

காற்றோடு உப்பும் வரும். அதைப் பற்றி நிறையச் சொல்லலாம், எங்கள் வீட்டு இரும்புக் கதவு ஒன்றே போதும். அடித்த பெயின்ட்டுக்குள் அது அமைதியாகப் பொரிந்துகொண்டிருக்கிறது. சைக்கிள் செயின், மின்விசிறி, மிக்ஸியின் அடிப்பாகம் எதையும் உப்பு விட்டுவைப்பதில்லை. புதிய பாலத்துக்குச் சிறப்புப் பூச்சும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் போட்டதற்குக் காரணம் இதுதான். எங்கள் கதவுக்கு அந்தப் பூச்சுக் கட்டுபடியாகாது. இரண்டு நாள் தங்கினால் உங்கள் காரைத் திரும்பும் வழியில் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து.

காற்றைக் கேட்டுக்கொண்டே வருகிற ஒரு கூட்டம் எனக்குத் தெரிந்து உண்டு. காலில் பலகை கட்டி, பெரிய பட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் வழுக்கிப் போகிறார்களே, அவர்கள். வெளிநாட்டிலிருந்துகூட வருகிறார்கள். கச்சான் மாதத்தில் ஒரு கரை, வாடை மாதத்தில் எதிர்க்கரை என்று மாறிக்கொள்கிறார்கள். மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது அதுவே. அவர்களில் ஒருவன் மண்டபம் டீக்கடையில் உட்கார்ந்து, "கச்சான் வெள்ளிக்கிழமை குறையும்" என்று அரைகுறைத் தமிழில் சொன்னபோது கடையே திரும்பிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை குறைந்தது.

எப்போது வரலாம் என்று கேட்பீர்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தீர்த்தமாட வருகிறவர்களுக்கு நான் நாள் சொல்ல முடியாது, அது வேறு கணக்கு. ஊர் பார்க்க வருகிறவர்கள் மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முடிவதற்குள் வாருங்கள். வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. இரண்டு கடலும் ஒன்றாக அடங்கிக் கிடக்கும் நாட்கள் அவைதான். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு ஓடும்போது கண்ணாடித் தரை வழியே பவளப்பாறை தெளிவாகத் தெரியும். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், அங்கே ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் நண்டும் உண்டு. களத்தில் முண்டு மிளகாய் காயும், பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். கீழக்கரைக்குப் போய்க் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய தொதல் வாங்கலாம். வெயில் மண்டையைப் பிளக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஏப்ரல் 15-க்கு முன்னால் வந்துவிடுங்கள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விடுவது. அப்போது நாட்டுப்படகு கொண்டுவருகிற சொற்ப மீனுக்கு ஊரே போட்டி, விலை கேட்டாலே கிறுகிறுக்கும்.

தடைக்காலத்தில்தான் வர முடியும் என்றால், கருவாட்டுக் குழம்பு கேளுங்கள். நெத்திலியோ காரலோ, மாசி வெயிலில் உலர்ந்தது நன்றாக இருக்கும். ஊருக்கு வாங்கிப் போவதானால் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ரயிலில் ஜன்னலோரம் வைக்காதீர்கள், பெட்டி முழுக்க மணக்கும்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து ஓர் உள்ளூர்க்காரன்